இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு ராத்திரி ஒன்பதரை வரை வீட்டுப்பாடமா?

கரூரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் சிபிஎஸ்இ பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். தினமும் நான்கு நோட்டில் வீட்டுப்பாடம் வருகிறது. ஆறரைக்கு உட்கார்ந்தால் முடிக்க ஒன்பதரை ஆகிறது, பாதியிலேயே குழந்தை அழுதபடி தூங்கிவிடுகிறாள், மிச்சத்தை அம்மாவே அவள் கையெழுத்து மாதிரி எழுதிவைக்கிறார். பள்ளியில் போய்க் கேட்டால், வகுப்பு ஆசிரியை சாயங்காலம் நடத்தும் டியூஷனில் சேர்த்துவிடுங்கள், அங்கேயே எல்லாம் முடிந்துவிடும் என்கிறார்களாம். "பள்ளிகள் வீட்டுப்பாடத்தையே நிறுத்திவிட வேண்டாமா? நான் எதிர்த்துக் கேட்டால் குழந்தையைப் பழிவாங்கிவிடுவார்களோ?" என்று கேட்கிறார்.

அம்மா, எல்லா வகுப்புக்கும் நிறுத்த வேண்டுமா என்பதை அப்புறம் பார்ப்போம். உங்கள் மகளுக்கு அந்தக் கேள்வியே இல்லை. இரண்டாம் வகுப்பு வரைக்கும் வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது, அது முடிந்துபோன விஷயம். 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். கிருபாகரன் தெளிவாகவே உத்தரவு போட்டார். சிபிஎஸ்இ பள்ளிகள் ஒன்று, இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் தருகின்றனவா என்று திடீர்ச் சோதனை நடத்தப் பறக்கும் படை அமைக்கும்படியும் சொன்னார். அதே வருஷம் நவம்பரில் மத்திய மனிதவள அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் இதையே எழுதியது. 2020-இல் வந்த தேசியப் பள்ளிப் பை கொள்கையிலும் இரண்டாம் வகுப்பு வரை கிடையாது, மூன்றிலிருந்து ஐந்து வரை வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம் என்று இருக்கிறது. வாரத்துக்கு 2 மணி! உங்கள் வீட்டில் ஒரே நாள் வீட்டுப்பாடத்துக்கே 3 மணி நேரம் ஆகிறது.

2018-லிருந்தே உத்தரவு இருக்கிறது. எந்தப் பறக்கும் படை எந்தப் பள்ளியின் கதவைத் தட்டியது என்று கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. சுற்றறிக்கை வரும், தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைப்பார், அடுத்த நாள் அதே நான்கு நோட்டு. நானும் முப்பது வருஷத்துக்கு மேல் ஆசிரியராக அந்தப் பள்ளிக் கட்டடங்களுக்குள்தான் இருந்தேன், அதில் பாதிக்கு மேல் சின்ன வகுப்புகள்.

இந்த வயதில் வீட்டுப்பாடத்தால் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரே ஒரு காட்சி சொல்கிறேன். 'பள்ளிக்கூடம்' என்று பத்து முறை எழுதி வா என்று சொல்லியிருந்தேன். மறுநாள் ஒரு பையன் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தான், இங்கேயே உட்கார்ந்து முடி என்றேன். அவன் எழுதுகிற விதத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். மேலிருந்து கீழாகப் பத்து 'ப', அப்புறம் பக்கத்தில் பத்து 'ள்', அப்புறம் பத்து 'ளி'. சொல்லையே அவன் ஒரு முறைகூட எழுதவில்லை. சில வரிகளில் 'ள்' மேல் புள்ளியும் இல்லை. முந்தைய பக்கத்தைத் திருப்பினால் அதே மாதிரி புள்ளி விட்டுப்போன சொற்களுக்கு என்னுடைய சிவப்பு டிக், தேதியோடு. ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள், ஆளுக்கு ஒரு நோட்டு, ஒரு நோட்டுக்கு ஒரு நிமிஷம் என்றாலே ஒரு பீரியட் முழுசாகப் போய்விடும், நான்கு நோட்டு என்றால் நான்கு பீரியட். யாராலும் படித்துப் பார்த்துத் திருத்த முடியாது. அதனால் டிக் மட்டும் விழுகிறது, தப்பு அப்படியே கையில் படிந்துவிடுகிறது.

அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பர் என்பவர் பல வருஷ ஆய்வுகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தார். உயர்நிலை வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் ஓரளவு தொடர்பு தெரிகிறது, சின்ன வகுப்புகளில் அது மிகவும் குறைவு என்பதுதான் அதில் தெரிந்தது. அதற்கு மேல் இந்த ஆராய்ச்சிக்குள் நீங்கள் போக வேண்டாம்.

இப்போது டியூஷன். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பகலில் வகுப்பில் சொல்லித்தர வேண்டியதை வீட்டுப்பாடமாக அனுப்பிவிட்டு, அதைச் சாயங்காலம் முடித்துக்கொடுக்க மாதக் கட்டணம் வாங்குவது ஒரே ஆளாக இருந்தால் அது படிப்பே இல்லை, வசூல். கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, ஆசிரியர் தனியாக டியூஷன் நடத்தக் கூடாது என்று நேராகவே சொல்கிறது. தயவுசெய்து அங்கே சேர்க்காதீர்கள். சேர்த்த மாதமே நோட்டில் 'வெரி குட்' வர ஆரம்பிக்கும், உங்களுக்கும் நிம்மதியாக இருக்கும், ஆனால் குழந்தை ஒரு எழுத்துக்கூட அதிகமாகக் கற்றிருக்க மாட்டாள். அங்கே போர்டில் விடையை எழுதிப்போடுவார்கள், இவள் பார்த்து எழுதுவாள், அவ்வளவுதான். நான்காம் வகுப்பில் தானாக ஒரு வரி எழுதச் சொன்னால் கை நிற்கும். அந்த நிலையில் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. பள்ளி வாசல் ஸ்டேஷனரிக் கடைகளில் புராஜெக்ட் செய்தே விற்கிறார்கள். தெர்மாகோல் எரிமலை, பஞ்சு ஒட்டிய மழை மேகம், பெயர் எழுத மட்டும் இடம் விட்ட சார்ட். என்ன தலைப்பு, என்றைக்குக் கொடுக்க வேண்டும் என்பது பெற்றோருக்குத் தெரியும் முன்பே கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும். அது எப்படி என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வாங்காதீர்கள். கோணல்மாணலாக ஒட்டியிருந்தாலும் அவள் ஒட்டியதே போகட்டும்.

ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு. வீட்டுப்பாடம் வேண்டாம் என்றால் வீட்டில் புத்தகத்தையே தொட வேண்டாம் என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள், அது தப்பு. தினமும் பத்து நிமிஷம் வாய்விட்டு வாசிக்க வையுங்கள். எழுதவெல்லாம் வேண்டாம், வாசித்தால் போதும். பாடப் புத்தகமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, கதைப் புத்தகம், பஸ் போர்டு, மளிகைச் சீட்டு, மசாலா பாக்கெட் எதுவும் சரி. எழுத்துக் கூட்டித் தடுமாறினால் உடனே நீங்கள் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள், மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள், பெரும்பாலும் அதற்குள் அவளே சொல்லிவிடுவாள். தமிழ் ஒரு நாள், இங்கிலீஷ் ஒரு நாள். உங்களுக்கு இங்கிலீஷ் வராது என்றாலும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், கேட்க ஒரு ஆள் இருப்பதுதான் முக்கியம். வாய்ப்பாடும் இப்படித்தான், குளிக்கும்போது, தலை பின்னும்போது பாட்டாகச் சொல்லட்டும், நோட்டில் எழுத வேண்டியதில்லை. பத்து நிமிஷம் பதினைந்து ஆனால் நிறுத்திவிடுங்கள். நாளைக்கும் அவளே ஆசையாக வந்து உட்கார வேண்டும். மூன்று மணி நேரம் எழுதவைப்பதைவிட இது பல மடங்கு வேலை செய்யும், நானே என் வகுப்பில் செய்து பார்த்தது.

பெரிய வகுப்புகளுக்கும் நிறுத்தலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். ஒன்பது, பத்தாம் வகுப்பில் கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்க்காமல் வராது. கொடுத்தவர் திருத்திக் கொடுக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. திருத்த நேரமில்லாத ஆசிரியர் கொடுக்கவும் கூடாது.

சரி, இப்போது பள்ளியில் எப்படிப் பேசுவது? வாயால் சண்டை போடாதீர்கள், வாட்ஸ்அப் குழுவில் பொரிந்து தள்ளாதீர்கள், அது அடுத்த நிமிஷமே ஸ்கிரீன்ஷாட்டாகப் பிரின்சிபாலுக்குப் போய்விடும். ஒரு வெள்ளைத் தாளில் அரைப் பக்கம் எழுதுங்கள். 2018 உயர் நீதிமன்ற உத்தரவு, 2020 பள்ளிப் பை கொள்கை இரண்டையும் குறிப்பிட்டு, 'என் மகளுக்கு எழுத்து வீட்டுப்பாடம் தர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்' என்று முடியுங்கள். ஆசிரியையின் பெயரும் வேண்டாம், டியூஷன் பேச்சும் அந்தக் கடிதத்தில் வேண்டாம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலகத்தில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னும் மூன்று நான்கு பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது, ஒருத்தி பிள்ளை என்று குறிவைக்க முடியாது. பதினைந்து நாளில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அதே கடிதத்தின் நகலைச் சென்னையில் இருக்கும் சிபிஎஸ்இ வட்டார அலுவலகத்துக்கும், மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நடுவில் யாராவது 'நான் பேசி முடித்துத் தருகிறேன், ஆபீசில் ஆள் இருக்கிறது' என்று வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தபால் செலவைத் தவிர இதில் செலவே கிடையாது.

பழிவாங்குவார்களோ என்ற பயம் நியாயமானது, இல்லை என்று சொல்ல மாட்டேன். எழுதாததற்காகக் குழந்தையை வெளியே நிற்கவைத்தாலோ, மற்ற பிள்ளைகள் முன்னால் அவமானப்படுத்தினாலோ அது கல்வி உரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவுக்கு எதிரானது. அடித்தால் மட்டுமே தப்பு என்று பலர் நினைக்கிறார்கள், மனரீதியாகத் துன்புறுத்துவதையும் சட்டம் தடைசெய்கிறது. தினமும் வீட்டுக்கு வந்ததும் இன்றைக்கு வகுப்பில் எங்கே உட்கார்ந்தாய், டீச்சர் என்ன சொன்னார் என்று சாதாரணமாகக் கேளுங்கள். ஏதாவது இருந்தால் தேதி போட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

கடிதம் எழுதக் கொஞ்சம் நாள் எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஆனால் அவள் கையெழுத்தில் நீங்கள் எழுதுவதை இன்றைக்கு ராத்திரியே நிறுத்திவிடுங்கள். நீங்கள் எழுதிக் கொடுக்கிறவரை நோட்டு நிரம்பித்தான் பள்ளிக்குப் போகும், குழந்தையால் முடியவில்லை என்பது அங்கே யாருக்கும் தெரியாது. எட்டரைக்கு அவள் தூங்கிவிட்டால் நோட்டை மூடிவைத்து, டைரியை எடுத்து, 'எட்டரைக்குத் தூங்கிவிட்டாள், மீதி எழுதவில்லை' என்று உங்கள் சொந்தக் கையெழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.