பழைய காரின் உள்ளே பிசுபிசுப்பு, பசை, கறை: எப்படி நீக்குவது?

கோலாலம்பூர் செந்தூலில் பழைய கார் வாங்கினேன், கதவுக் கைப்பிடி பிசுபிசுக்கிறது, கண்ணாடியில் ரோட் டேக்ஸ் (சாலை வரி) ஸ்டிக்கரின் பசை, சீட்டில் தே தாரிக் (பால் தேநீர்) கறை என்று கேட்டிருந்தீர்கள்.

கைப்பிடியில் இருப்பது அழுக்கு இல்லை. தொட மென்மையாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக்மேல் கொடுத்த ரப்பர் பூச்சு, நம் ஊர் வெயிலிலும் ஈரக்காற்றிலும் சிதைந்து இளகிவிடுகிறது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் தீராது, மறுபடியும் ஒட்டும். பூச்சையே எடுத்துவிடுங்கள். ஃபார்மசியில் ஐசோபுரொப்பில் ஆல்கஹால் கிடைக்கும். கதவுகளைத் திறந்து வைத்து, துணியில் நனைத்துத் துடையுங்கள். கறுப்பாக மைபோல வரும். அடியிலுள்ள வெறும் பிளாஸ்டிக் தெரியும்வரை துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலைதான். முதலில் மறைவான ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். பட்டன்களைத் தொடாதீர்கள், எழுத்து அழிந்துவிடும். தின்னர், அசிட்டோன் வேண்டவே வேண்டாம்; பிளாஸ்டிக்கையே அரித்துவிடும்.

மலேசியாவில் ரோட் டேக்ஸ் ஸ்டிக்கரை 2023 பிப்ரவரியிலிருந்து தனியார் கார்களில் ஒட்டவேண்டிய கட்டாயமில்லை, தாராளமாக எடுக்கலாம். பசைமேல் சமையல் எண்ணெய் தடவி ஊறவிட்டு, காலாவதியான வங்கி அட்டையால் சுரண்டுங்கள். வெயிலைக் குறைக்க ஒட்டும் டின்டட் ஃபிலிம் கண்ணாடியின் உள்பக்கம்தான் இருக்கும். பிளேடு பட்டால் கிழிந்துவிடும்.

துணி சீட் என்றால் சுடுநீர் ஊற்றாதீர்கள். பாலின் புரதம் இறுகி, கறை நூலில் பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த நீரில் பாத்திரம் கழுவும் சவர்க்காரம் சில துளி கலந்து, வெள்ளைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுங்கள். பிறகு ஜன்னலை இறக்கி நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு பூட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.