பழைய துப்பாக்கியும் ஒரு பை கோப்பியும்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் சென்ற மாதக் குறிப்பைப் படித்துவிட்டு, ஜே.டி. ராப் எழுதிய துப்பறியும் வரிசையின் முதல் நாவலான ‘நேக்கட் இன் டெத்’தைத் தேடி வாங்கி மூன்று இரவுகளில் முடித்தேன். ஏமாற்றம்தான். கதை 2058இல் நியூயோர்க்கில் நடக்கிறது. தானே சமைத்துத் தரும் இயந்திரம் எல்லாம் வருகிறது. ஆனால் கொலைகள் நடப்பது பழைய துப்பாக்கியால்! இதற்கு எதிர்காலம் எதற்கு? இன்றைய கொழும்பில் வைத்தே எழுதியிருக்கலாமே. கொலையாளியைப் பாதியிலேயே ஊகித்துவிட்டேன். விசாரிக்கும் பெண் அதிகாரி சந்தேக நபரையே காதலிப்பதும் உறுத்தியது. என் தோழியோ, ‘முதல் நாவலை வைத்து முடிவு செய்யாதே, நடுவிலிருந்து ஒன்றை எடுத்துப் படி’ என்கிறாள். அப்படிச் செய்யலாமா?

வாசகி, தெஹிவளை

அன்பின் சகோதரிக்கு,

ஏமாந்ததை ஒளிக்காமல் எழுதியதற்கு நன்றி. உங்கள் குறைகளில் ஒன்றை முழுதாக ஏற்கிறேன், ஒன்றைப் பாதி ஏற்கிறேன். துப்பாக்கி விஷயத்தில் மட்டும் உங்களோடு சண்டை பிடித்தே ஆக வேண்டும்.

அந்த நாவலின் உலகில் துப்பாக்கி தடைசெய்யப்பட்ட பொருள். பொலிஸார் வைத்திருப்பதே வேறு வகை ஆயுதம். பழைய துப்பாக்கிகள் எஞ்சியிருப்பது அரும்பொருள் சேகரிக்கும் வசதி படைத்தவர்களிடம். கொலையாளி சுட்டுவிட்டுத் துப்பாக்கியை அங்கேயே விட்டுப் போகிறான். இன்றைய கொழும்பில் ஒரு சடலத்தின் அருகே கைத்துப்பாக்கி கிடந்தால் அது நமக்கு என்ன சொல்லும்? கூலிக்குச் சுட்டவனாக இருக்கலாம், பழைய பகையாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். 2058இல் அதே துப்பாக்கி, விலை கொடுத்து வாங்கக்கூடிய, வாங்குவதற்கு வழி தெரிந்த ஒரு சிறு வட்டத்தை நோக்கிக் கை நீட்டுகிறது. அதிகாரி காதலிக்கும் அந்தச் செல்வந்தன் மேல் சந்தேகம் விழக் காரணமே அவனுடைய துப்பாக்கிச் சேகரிப்பு அல்லவா? கதையைக் கொழும்புக்கு, நம் காலத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்தத் துப்பு செத்துவிடும். நீங்கள் தேவையில்லை என்ற எதிர்காலம்தான் அந்தப் பழைய இரும்பைத் துப்பாக மாற்றுகிறது.

நம் அனுபவத்திலிருந்தே ஒன்று சொல்கிறேன். 2022 ஜூலையை நினைத்துப் பாருங்கள். எரிபொருள் தட்டுப்பாட்டில் பங்கீட்டுக்காகக் கியூ.ஆர். குறியீடு வந்த புதிதில் ஒரு முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர் பெற்றோல். அந்த வாரத்தில் கொழும்பில் ஒரு கொலை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘அன்று நான் என் முச்சக்கர வண்டியில் கண்டிக்குப் போய்த் திரும்பினேன்’ என்கிறான் ஒருவன். போக மட்டுமே நூறு கிலோமீற்றருக்கு மேல். வரிசையில் காய்ந்து நின்ற நமக்கு அவன் பொய் சொல்கிறான், அல்லது கள்ளச் சந்தையில் எண்ணெய் வாங்கியிருக்கிறான் என்று உடனே புரியும். 2012இல் இதை எழுதியிருந்தால் அது வருங்காலக் கதை. அப்போது எழுத்தாளர் 5 லீற்றர் கணக்கை முதல் அத்தியாயத்திலேயே வாசகரிடம் கொடுத்திருக்க வேண்டும். கடைசி அத்தியாயத்தில் கொடுத்தால் அது மோசடி.

வருங்காலக் கதையையும் துப்பறியும் கதையையும் சேர்க்கவே முடியாது என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். அறிவியல் புனைகதை இதழாசிரியர் ஜோன் கேம்பல் அவர்களில் ஒருவர். துப்பறிபவர் திடீரென்று ஒரு புதிய கருவியை எடுத்துக் கொலையாளியைக் காட்டிவிட்டால் வாசகருக்கு என்ன இடம் இருக்கிறது என்பது அந்தத் தரப்பின் நியாயம். ஐசக் அசிமோவ் 1954இல் நூலாக வந்த ‘த கேவ்ஸ் ஒஃப் ஸ்டீல்’ நாவலால் அதற்குப் பதில் சொன்னார். மனிதனுக்குத் தீங்கு செய்ய இயலாத ரோபோக்கள் உலவும் உலகில் ஒரு கொலை. அந்த விதி நமக்கும் துப்பறிபவருக்கும் ஒரே சமயத்தில் தெரியும். முடிச்சு அந்த விதிக்குள்ளேயே இருக்கிறது. அதைப் படித்து முடித்த இரவு நான் தூங்கவில்லை.

உங்கள் கடிதத்தில் கோப்பி பற்றி ஒரு வரியாவது இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அந்த நாவலில் அசல் கோப்பிக் கொட்டை பெரும் பணக்காரர்களுக்கு மட்டுமே கிடைக்கிறது. மற்றவர்கள் ஏதோ பதிலியைக் குடிக்கிறார்கள். அமெரிக்க வாசகருக்கு அது ஒரு சுவையான கற்பனை. எனக்கு அப்படியில்லை. மலையகத்துக்கு நம் மக்கள் முதலில் நடத்தி வரப்பட்டது தேயிலைக்காக அல்ல, கோப்பிக்காக. 1869இல் இலைநோய் கண்டது. இருபது ஆண்டுகள் ஆவதற்குள், உலகுக்கே கோப்பி அனுப்பிய ஒரு தீவில் அந்தத் தோட்டங்கள் அநேகமாக இல்லாமல் போயின. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலை நட்டிருந்தார். பிறகு மலை முழுதும் அதுவாயிற்று. என் பாட்டியின் முன்னோர் கோப்பிக்காலத்தில் மாத்தளை வழியாக ஏறியவர்கள். பாட்டி கோப்பி என்ற சொல்லையே ஒரு செத்த உறவினரின் பெயரைச் சொல்வது போலச் சொல்வார். ஒரு பயிர் போனால் மனிதர்களின் காலைப் பொழுது, கூலி, கடன், ஊர் எல்லாமே மாறும் என்பதை அறிந்தவர்கள் நாம். ராப் அதை ஒரு கோப்பையில் காட்டிவிட்டுப் போகிறார்.

அந்தச் செல்வந்தன் அவளுக்கு வைரம் அனுப்பவில்லை, கோப்பி அனுப்புகிறான். காதல் பகுதியில் எனக்குப் பிடித்த இடம் அது ஒன்றுதான். மற்றபடி உங்கள் உறுத்தலில் பாதி என்னுடையதும். சந்தேக நபரோடு நெருங்கிய அதிகாரியை எந்த நாட்டிலும் வழக்கிலிருந்து விலக்கியிருப்பார்கள். நாவல் அதை மிக எளிதாகக் கடந்துபோகிறது. ராப் என்பது நோரா ராபர்ட்ஸின் புனைபெயர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1995இல் இந்த நாவல் வரும்போது அவர் காதல் நாவல்களில் கைதேர்ந்தவர். அந்தக் கைப்பழக்கம் இங்கே தெரிகிறது. ஆனால் யாரையும் நம்பாத ஒரு பெண், நம்பக் கூடாத வேளையில் ஒருவனை நம்ப நேர்வது வெறும் காதல் சரக்கல்ல. அதனால்தான் பாதி.

கொலையாளியை ஊகித்ததில் நீங்கள் முழுக்கச் சரி. சந்தேகிக்கத் தக்கவர்கள் போதாது. நானும் முன்கூட்டியே கண்டுகொண்டேன்.

தோழியின் யோசனையை மட்டும் கேட்காதீர்கள். இந்த வரிசையில் 50க்கும் மேற்பட்ட நாவல்கள் இருந்தும் கதைக்குள் ஓடியிருப்பது சில ஆண்டுகள்தான். வழக்குகள் தனித்தனி, ஆனால் அதிகாரியின் குழந்தைப் பருவம் ஒவ்வொரு நாவலிலும் கொஞ்சம் கொஞ்சமாக அவளிடமே திரும்பி வருகிறது. டலஸ் என்ற அவளுடைய குடும்பப் பெயர், எட்டு வயதில் அவளைக் கண்டெடுத்த நகரத்தின் பெயர். நடுவில் நுழைந்தால் அவள் எதைக் கண்டு விழித்தெழுகிறாள் என்பது உங்களுக்கு வெறும் தகவலாகத்தான் கிடைக்கும்.

இரண்டாவது நாவல் ‘குளோரி இன் டெத்’ என்னிடம் இருக்கிறது. அட்டை கொஞ்சம் கிழிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு வருவேன், வந்தால் தருகிறேன். இந்த முறை சந்தேகம் எந்தப் பக்கத்தில் எழுந்தது என்று பென்சிலால் குறித்துத் திருப்பித் தாருங்கள். என் குறி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, அதைப் பார்க்காமல் படியுங்கள்.