கடைசிக் கொடுப்பனவைக் கேட்டால் என்ன எழுதுவது?

தம்பி, கொழும்பில் மென்பொருள் நிறுவனப் பயிலுநர் நேர்முகத்துக்குப் போகுமுன் எஸ்கியூஎல்-இல் (SQL, தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி) இந்த ஒரு கேள்வியைக் கை பழகும்வரை எழுதிப் பாருங்கள்: ஒவ்வொரு வாடிக்கையாளரினதும் கடைசிக் கொடுப்பனவை மட்டும் எடுக்க வேண்டும். ஜாயின் (அட்டவணைகளை இணைப்பது), குரூப் பை (பதிவுகளைக் குழுவாக்குவது) நன்றாகத் தெரிந்த பிள்ளைகளும் இதில் தடுக்கி விழுகிறார்கள்.

சட்டென்று தோன்றுவது, வாடிக்கையாளர் எண்ணுக்குக் குரூப் பை போட்டு, திகதிக்கும் தொகைக்கும் மேக்ஸ் (ஆகப் பெரிய பெறுமதி) எடுப்பது. புறக்கோட்டை மொத்தக் கடையொன்றின் கணக்கு என்று வையுங்கள். 12ஆம் இலக்க வாடிக்கையாளர் மார்ச் 3இல் 4,500 ரூபாய், மார்ச் 19இல் 2,000 ரூபாய் கட்டியிருக்கிறார். வினவல் தரும் விடை: மார்ச் 19, 4,500 ரூபாய். அப்படியொரு கொடுப்பனவு நடக்கவே இல்லை. ஒவ்வொரு மேக்ஸும் தன் நிரலை (column) மட்டும் பார்ப்பதால் இரண்டு நிரைகள் (rows) கலந்துவிட்டன. பிழைச் செய்தியும் வராது, அதனால்தான் இது ஆபத்தானது.

சரியான வழி ரோ_நம்பர்: குழுவுக்குள் ஒவ்வொரு நிரைக்கும் 1, 2 என்று இலக்கமிடும். அதன் ஓவருக்குள் (OVER) பார்ட்டிஷன் பை (குழு பிரிப்பது) வாடிக்கையாளர் எண். ஆர்டர் பை (அடுக்குவது) திகதி டெஸ்க் (DESC, இறங்குவரிசை), அடுத்துக் கொடுப்பனவு எண் டெஸ்க். ஒரே நாளில் இரண்டு கொடுப்பனவு இருந்தால் அந்த இரண்டாவது நிரல்தான் முடிவு செய்யும்; அதை விட்டால் எது வருமென்று உத்தரவாதம் இல்லை. ரோ_நம்பருக்குப் பதிலாக ரேங்க் (சமமானவற்றுக்கு ஒரே இலக்கம் தருவது) போட்டு, திகதியால் மட்டும் அடுக்கினால் இரண்டுமே வரும். இலக்கம் 1 என்ற நிபந்தனையை அதே வினவலின் WHERE பகுதிக்குள் எழுத முடியாது, இலக்கமிடுமுன்னே WHERE ஓடிவிடும். முழுவதையும் வித்-க்குள் (WITH, பெயரிட்ட தற்காலிக வினவல்) வைத்து வெளியே வடிகட்டுங்கள்.

மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இதற்கு 8.0 பதிப்பாவது வேண்டும். 5.7 என்றால், வாடிக்கையாளர்வாரியாகக் கடைசித் திகதியை உபவினவலில் எடுத்து, எண், திகதி இரண்டாலும் மூல அட்டவணையோடு ஜாயின் செய்யுங்கள். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் டெஸ்க் போட்டால் NULL திகதி (திகதி இல்லாத நிரை) முன்னுக்கு வந்து நிற்கும். நல்ஸ் லாஸ்ட் (NULLS LAST, அவற்றைக் கடைசியில் வைப்பது) சேர்க்க மறக்க வேண்டாம்.

வீட்டில் ஆறேழு நிரைகளோடு அட்டவணையொன்று அமையுங்கள். ஒரே நாள் இரட்டைக் கொடுப்பனவு, திகதி இல்லாத நிரை, இன்னும் எதுவுமே கட்டாத வாடிக்கையாளர் மூன்றும் இருக்கட்டும். கட்டாதவரும் பட்டியலில் வேண்டுமென்றால் வாடிக்கையாளர் அட்டவணையிலிருந்து லெஃப்ட் ஜாயின். நேர்முகத்தில் எழுதத் தொடங்குமுன், "ஒரே நாளில் இரண்டு இருந்தால் எதை எடுப்பது?" என்று நீங்களே கேளுங்கள். தரவை யோசித்துப் பார்க்கிற பிள்ளை என்பது அவர்களுக்கு அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.