அனுப்பியவர் என்ன கேட்டார்?

அன்புள்ள அக்கா,

எனக்கு 44 வயது. சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் ஒரு கிடங்கில் மேலாளர். எனக்குக் கீழே 18 பேர். என் மேலதிகாரி தலைமைத்துவப் பயிற்சிக்குப் போகச் சொல்கிறார். அரசாங்கம் பயிற்சிக்கென்று தந்திருக்கும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் 4,000 வெள்ளி அப்படியே கிடக்கிறது. இரண்டு நாள் பயிலரங்குக்குப் போவதா, ஒரு வருடப் பட்டயப் படிப்பில் சேர்வதா? வகுப்பில் எல்லாரும் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்குவார்களே என்று தயக்கமும் இருக்கிறது. இந்த வயதில் தலைமைப் பண்பைப் படித்து வரவழைக்க முடியுமா? நம் பையன்கள் என்ன சொன்னாலும் கேட்பதே இல்லை.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முடியும். சந்தேகமே வேண்டாம். ஆங்கிலத் தயக்கத்தை இங்கேயே விட்டுவிடுவோம். 18 பேரை வைத்துக் கிடங்கை ஓட்டுகிறவருக்கு வகுப்பறை ஒரு பயமா? முதல் நாள் நாலு வரி பேசிவிட்டால் சரியாகிவிடும்.

உங்கள் கடிதம் வந்தபோது நானும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த ஒரு பெண் தாதியர் பிரிவில் மேலாளர். இன்னொரு தலைமைத்துவச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்தவள், "வகுப்பு அருமை அக்கா, வேலையிடத்தில்தான் எதுவும் மாறலை" என்றாள். அவள் கெட்டிக்காரி. பாடம் எடுத்தவரும் நல்லவர்தானாம்.

இந்த ஊரில் பயிற்சிக்குப் பஞ்சமே இல்லை. 1979லேயே திறன் மேம்பாட்டு நிதி வந்துவிட்டது. 2015ல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர், அடுத்த வருடம் 25 வயது நிரம்பிய ஒவ்வொரு குடிமகனுக்கும் 500 வெள்ளி, 2024 மே மாதம் 40 வயதை எட்டியவர்களுக்கு நீங்கள் சொல்லும் 4,000. அது போக, நம் வயதுக்காரர்களுக்குப் பல படிப்புகளில் 90 விழுக்காடு வரை கட்டண மானியம். இத்தனைக்குப் பிறகும் மேலாளர்கள் போன மாதிரியே திரும்பி வருகிறார்கள் என்றால் எங்கே ஓட்டை? பாடத்திட்டம் மோசம் என்று சொல்லிவிடுவது சுலபம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அதற்குக் காரணம் உண்டு.

2010ஐ ஒட்டிய வருடங்களில் துவாஸில் கப்பல் பழுதுபார்க்கும் ஒரு குத்தகை நிறுவனத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். வேலை தொடங்கும் முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டமான காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கின் கையெழுத்துத் தாள்கள் என் மேசைக்குத்தான் வரும். மன்னார்குடிப் பக்கத்து சூப்பர்வைசர் ஒருவர் இருந்தார், எல்லாருக்கும் அண்ணன். தாளில் இருப்பதை வேகமாகப் படித்துவிட்டு, "புரிஞ்சுதா?" என்பார். அத்தனை பேரும் "ஓகே" என்பார்கள். கையெழுத்து, வேலை. ஐம்பதை நெருங்கும் வயதில் அவரை மேற்பார்வையாளர் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

போவதற்கு முன் எங்கள் மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, "திரும்பி வந்து எதை மாத்தப் போறீங்கன்னு யோசிச்சுக்கிட்டே போங்க" என்றார். திரும்பி வந்த மறுநாளே மறக்காமல் கேட்டார். "காலை மீட்டிங்குக்கு இன்னும் கால் மணி நேரம் வேணும் சார்" என்றார் அண்ணன். கிடைத்தது. அதற்குப் பிறகு அவர் "புரிஞ்சுதா?" என்று கேட்கவே இல்லை. யாராவது ஒருவரைக் கைகாட்டி, "இன்னைக்கு நீ எங்க இறங்கப் போற? இறங்குறதுக்கு முன்னாடி என்ன பார்ப்ப? சொல்லு" என்பார்.

ஒரு நாள் ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த பையன் ஒருவன், "டேங்க்குக்குள்ள இறங்கணும்ணே. கேஸ் செக் நேத்தே முடிஞ்சிருச்சு" என்றான். நேற்று எடுத்த வாயு அளவை நம்பி இன்று டேங்க்குக்குள் இறங்கக் கூடாது. காற்று ஒரே இரவில் மாறிவிடும். பழைய முறையென்றால் அவனும் "ஓகே" சொல்லிவிட்டு இறங்கியிருப்பான். அண்ணன் திட்டவில்லை. வேலையை நிறுத்தி, சோதனை செய்கிறவரை வரவழைத்து, டேங்க்குக்குள் இறங்கப் புது பெர்மிட் போட்ட பிறகே இறக்கினார். தாமதமாகிவிட்டதென்று கப்பல்காரர்கள் சத்தம் போட்டபோது, "நிறுத்தச் சொன்னது நான்தான்" என்று முன்னால் போய் நின்றவர் அந்த மேனேஜர்.

அதே பயிற்சிக்கு வேறொரு பிரிவிலிருந்தும் இரண்டு சூப்பர்வைசர்கள் போய்வந்தார்கள். அவர்களுடைய சான்றிதழைத் தணிக்கைக்குக் காட்ட வேண்டும் என்று கோப்பில் போட்டதே நான்தான். அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு வாரம் புது மாதிரி பேசிப் பார்த்தார்கள், அப்புறம் பழையபடி "புரிஞ்சுதா?"தான்.

படித்து வந்தவர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும், அனுப்பியவர் கேட்கவில்லை என்றால் அந்தப் படிப்பு உதிர்ந்துவிடும். பயிற்சியின் பலனை ஆராய்ந்த அமெரிக்கர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959லேயே பயிற்சியை நான்கு படிகளில் அளக்கச் சொன்னார்: பிடித்திருந்ததா, கற்றுக்கொண்டாரா, வேலையிடத்தில் நடத்தை மாறியதா, அதனால் பலன் வந்ததா. நாம் முதல் படியிலேயே நின்றுவிடுகிறோம். கடைசி நாள் மாலையில் கைப்பேசியில் நட்சத்திரம் போட்டு, குழுப்படம் எடுத்துக்கொண்டால் முடிந்தது. மூன்றாவது படியைப் பார்க்க வேண்டியவர் ஆசிரியர் இல்லை, வேலையிடத்தில் இருக்கும் மேலதிகாரி. பால்ட்வின், ஃபோர்டு என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1988ல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, கற்றவரின் திறமை, பாடத்தின் அமைப்பு இரண்டோடும் சேர்த்து வேலையிடச் சூழலையும் ஒரு காரணமாக வைத்தார்கள். மேலதிகாரியின் ஆதரவு, கற்றதைச் செய்துபார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு இரண்டும் அதில் அடங்கும். உங்களை அனுப்பும் மேலதிகாரி, திரும்பி வந்து எதை மாற்றப் போகிறீர்கள் என்று கேட்டாரா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

இன்னொன்று இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது தம்பி. "நம் பையன்கள் என்ன சொன்னாலும் கேட்பதே இல்லை." உங்களோடு தினமும் சரக்கு ஏற்றி இறக்குகிறவர்களைப் பற்றி நீங்கள் எழுதியது இந்த ஒரு வரிதான். அவர்களில் யார் யார் என்ன மொழி பேசுகிறார்கள்? நீங்கள் சொல்வது அவர்களுக்கு எந்த மொழியில் போய்ச் சேருகிறது? உங்களுக்கு மேலே இருப்பவர் உங்களைக் கேட்கவில்லை, நீங்கள் உங்களுக்குக் கீழே இருப்பவர்களைக் கேட்கவில்லை. கேட்காமலே மூன்று தட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பையன்கள் ஊரையும் வீட்டையும் விட்டு உங்களை நம்பி வேலை செய்கிறவர்கள். குறை சொல்லும் முன் அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

சரி, பயிலரங்கா பட்டயமா? உங்கள் கேள்வியை மறந்தே போனேன். முதலில் சின்னதாகப் போங்கள். அந்த 4,000 வெள்ளி காலாவதி ஆகாது, அவசரமில்லை. ஆனால் குறிப்பிட்ட படிப்புகளுக்கு மட்டும்தான் செல்லும், பணம் கட்டும் முன் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு செய்வதற்கு முன் மேலதிகாரியிடம் போய், "திரும்பி வந்ததும் நான் ஒன்றை மாற்ற நினைக்கிறேன், அதற்கு ஷிப்ட் தொடக்கத்தில் கால் மணி நேரம் தருவீர்களா?" என்று கேளுங்கள். வாய்வார்த்தையோடு விடாமல் மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தருகிறேன் என்றால் அன்றைக்கே பதிவு செய்துவிடுங்கள். முடியாது என்றால் ஒரு வருடப் படிப்பைப் பற்றி இப்போதைக்கு யோசிக்கவே வேண்டாம், எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா