பெரிய சமர் எதிலும் வெல்லாத ஒரு தளபதி, விடுதலைப் போரை வென்றதாகச் சொல்ல முடியுமா?

முடியும் என்பதே என் பதில். அதற்கு நான் காட்டும் சான்று, அமெரிக்க விடுதலைப் போரில் தென்பகுதிப் படைக்குத் தலைமை தாங்கிய நதானியேல் கிரீன். வாஷிங்டனைப் பற்றிப் படித்தவர்களில் பலரும் கிரீனின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். எனக்கோ அந்தப் போரில் மிகவும் சுவையான பகுதி அவருடையதுதான். ஏனெனில் அதில் துப்பாக்கிகளைவிட வண்டிகளும் படகுகளும் தானிய மூட்டைகளும் அதிகம் தீர்மானித்தன.

1780-இல் தெற்கில் பிரிட்டனை எதிர்த்த அமெரிக்கப் புரட்சிப் படை இரண்டு முறை அழிந்தது. மே 12 அன்று தென்கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகம் வீழ்ந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் சரணடைந்தனர். ஆகஸ்ட் 16 அன்று கேம்டனில், கிரீனுக்கு முன் தென்பகுதித் தளபதியாக இருந்த ஹொரேஷியோ கேட்ஸின் படை சிதறியது; கேட்ஸ் குதிரையேறி, சுமார் 180 மைல் கடந்த பிறகே மூச்சு விட்டார். டிசம்பர் தொடக்கத்தில் சார்லட் நகரில் கிரீன் பொறுப்பேற்றபோது, பட்டியலில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் இருந்தும், உடையும் ஆயுதமும் ஒழுங்காக வைத்திருந்தவர்கள் ஆயிரம் பேர்கூடத் தேறவில்லை. ஆனால் அதற்கு முன் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக வாஷிங்டனின் படைக்குத் தளவாடப் பொறுப்பை வேண்டாவெறுப்பாகச் சுமந்தவர் அவர். அந்த அனுபவத்தால்தான், வந்ததும் முதல் வேலையாகக் கட்டாபா, யாட்கின், டான் ஆகிய ஆறுகளின் ஆழத்தையும் துறைகளையும் அளந்து வர ஆட்களை அனுப்பினார். படகு கட்டும் பொறுப்பைப் போலந்துப் பொறியாளர் கோசியுஸ்கோவிடம் ஒப்படைத்தார்.

அடுத்து அவர் செய்ததை எந்தப் போர்க்கலைப் பாடமும் ஒப்புக்கொள்ளாது. தன்னைவிடப் பெரிய எதிரிக்கு முன்னால், இருந்த சிறு படையையும் இரண்டாகப் பிரித்தார். ஒரே இடத்தில் எல்லோருக்கும் சோறு கிடைக்காது என்பது ஒரு காரணம். எதிரியும் பிரிய வேண்டிவரும் என்பது மற்றொன்று. தெற்கில் பிரிட்டிஷ் படைக்குத் தலைமை தாங்கிய கார்ன்வாலிஸும் அப்படியே தம் படையைப் பிரித்தார். கிரீனின் படையில் ஒரு பாதியுடன் மேற்கே சென்ற டேனியல் மோர்கனைத் துரத்தி வந்த பிரிட்டிஷ் தளபதி டார்ல்டனின் ஆயிரத்து நூறு பேர், 1781 ஜனவரி 17 அன்று கௌபென்ஸ் என்ற மேய்ச்சல் வெளியில் சிக்கினார்கள். அழைத்தால் வந்து சில வாரம் சண்டையிட்டுவிட்டு வயலுக்குத் திரும்பும் குடிப்படையினர் நேருக்கு நேர் நிற்க மாட்டார்கள் என்று மோர்கனுக்குத் தெரியும். ஆகவே நில்லுங்கள் என்று அவர் கட்டளையிடவில்லை. இரண்டு முறை குறிபார்த்துச் சுட்டுவிட்டுப் பின்னால் போய்விடுங்கள் என்றார். அவர்கள் பின்வாங்குவதைத் தோல்வி என்று நம்பி வரிசை கலைந்து பாய்ந்த பிரிட்டிஷார், மேட்டுக்குப் பின்னால் காத்திருந்த தேர்ந்த வீரர்களிடம் மாட்டிக்கொண்டனர். டார்ல்டனின் படையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டோர் மாண்டோ காயமுற்றோ சிறைப்பட்டோ போயினர். இந்த வெற்றி மோர்கனுடையது. கிரீன் களத்திலேயே இல்லை.

ஆத்திரமுற்ற கார்ன்வாலிஸ், வேகமாகத் துரத்துவதற்காக ராம்சோர் ஆலை என்ற இடத்தில் தம் வண்டிகளையும் கூடாரங்களையும் ரம் பீப்பாய்களையும்கூட எரித்தார். என் கணிப்பில் தென்பகுதிப் போர் திரும்பிய இடம் அதுதான். அதன்பின் நடந்தது ஓட்டப்பந்தயம். யாட்கின் ஆற்றை கிரீனின் படை முன்கூட்டியே சேர்த்துவைத்த படகுகளில் கடக்க, துரத்தியவர்களை வெள்ளம் தடுத்தது. கடைசியில் கிரீனின் துணைத் தளபதி ஓத்தோ வில்லியம்ஸின் எழுநூறு பேர், டான் ஆற்றின் மேல்துறைகளை நோக்கிப் போவதுபோல் போக்குக் காட்டி கார்ன்வாலிஸை இழுத்துச் செல்ல, முதன்மைப் படை கீழ்த்துறைகளில் பிப்ரவரி 14 அன்று அக்கரை சேர்ந்தது. பிரிட்டிஷார் வந்தபோது இக்கரையில் ஒரு படகும் இல்லை.

பிறகு கிரீன் மீண்டும் டானைக் கடந்து வர, மார்ச் 15 அன்று வடகரோலினாவின் கில்ஃபோர்டில் நேர்ச் சமர் நடந்தது. களம் கார்ன்வாலிஸுக்குக் கிடைத்தது. ஆனால் அவருடைய ஏறத்தாழ 1,900 பேரில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் வீழ்ந்தனர். இப்படி இன்னொரு வெற்றி கிடைத்தால் பிரிட்டிஷ் படையே அழிந்துவிடும் என்று லண்டன் நாடாளுமன்றத்தில் சார்ல்ஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் சொன்னது மிகையன்று. உணவும் கூடாரமும் இல்லாத படையைக் கடற்கரைக்கு நடத்திச் சென்ற கார்ன்வாலிஸ், பிறகு வர்ஜீனியாவுக்குப் போய் அக்டோபரில் யார்க்டவுனில் சரணடைந்தார். யார்க்டவுனுக்கான பெருமையை கிரீனுக்குக் கொடுப்பது நியாயமாகாது. பிரெஞ்சுக் கடற்படை கடல்வழியை அடைத்திராவிட்டால் அது நடந்திருக்காது.

கில்ஃபோர்டுக்குப் பின் வர்ஜீனியாவுக்குப் போன கார்ன்வாலிஸை கிரீன் பின்தொடரவில்லை, தெற்கே திரும்பினார். ஏப்ரல் 25 அன்று கேம்டன் அருகே ஹாப்கர்க் குன்றில் பிரிட்டிஷ் தளபதி ராடன் பிரபுவிடம் தோற்றார். ஆனால் வென்ற ராடன்தான் இரண்டே வாரத்தில் கேம்டனைக் காலிசெய்தார். காரணம், கிரீனின் பக்கம் போரிட்ட பிரான்சிஸ் மேரியனும் ஹென்றி லீயும் சார்ல்ஸ்டனிலிருந்து வரும் வழியிலிருந்த சிறு கோட்டைகளைப் பறித்துக்கொண்டிருந்தார்கள். பீரங்கி இல்லாத நிலையில் வாட்சன் கோட்டையை ஒரே இரவில் எழுப்பிய மரக்கோபுரத்தின் மீதிருந்து சுட்டே பிடித்தார்கள். நைன்ட்டி சிக்ஸ் என்ற ஊரை முற்றுகையிட்டும் கிரீனால் பிடிக்க முடியவில்லை. அடுத்த மாதம் அதையும் பிரிட்டிஷார் தாமாகவே கைவிட்டனர். செப்டம்பரில் யூட்டா ஸ்பிரிங்ஸிலும் களத்தைவிட்டு விலகியவர் கிரீனே. ஆண்டு முடிவில் தென்கரோலினாவில் பிரிட்டிஷார் கையில் எஞ்சியது சார்ல்ஸ்டனும் அதன் சுற்றுப்புறமும் மட்டுமே.

இதை வீரக்கதையாக மட்டும் படிக்க எனக்கு மனம் வரவில்லை. கரோலினாக்களில் நடந்தது பெரும்பாலும் அண்டை வீட்டார் சண்டை. 1780 அக்டோபரில் கிங்ஸ் மலையில் மோதிய இரு தரப்பினரும், பிரிட்டிஷ் அரசரின் பக்கம் நின்ற படையின் தலைவர் பெர்குசன் நீங்கலாக, அநேகமாக எல்லோரும் அமெரிக்கர்களே. விடுதலைக்குப் பின் நன்றியாகக் கிடைத்த ஜார்ஜியா தோட்டத்தை கிரீன் அடிமைகளைக் கொண்டே நடத்தினார்.

கார்ன்வாலிஸின் கதைக்கு நம் பக்கத்தில் ஒரு தொடர்ச்சி உண்டு. தலைமை ஆளுநராக இந்தியா வந்த அவர், 1791 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் அருகே திப்பு சுல்தானைச் சமரில் வென்றும், மாடுகள் மடிந்து உணவும் தீர்ந்துபோனதால் முற்றுகைப் பீரங்கிகளைத் தம் கையாலேயே அழித்துவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு வந்தபோது தானியம் சுமக்கும் பஞ்சாரா வணிகர்களின் பொதிமாடுகள் உடன் வந்தன. 1792 உடன்படிக்கையின்படி திண்டுக்கல்லும் சேலமும், இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பகுதிகளைக் கொண்ட பாரமகாலும் கம்பெனியின் கைக்குப் போயின.