விட்ட பிறகுதான் அதிக ஆபத்து

போதைப் பழக்கம் உண்மையிலேயே அவ்வளவு பரவியிருக்கிறதா, எந்தக் கட்டத்தில் அது உயிருக்கு ஆபத்தாகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கு என் தம்பியை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

விபத்தில் கால் முறிந்தபோது வலிக்காகக் கொடுத்த ஓபியாய்டு மாத்திரையில்தான், அதாவது அபின் வகை வலி மாத்திரையில்தான், அவனுக்கு ஆரம்பித்தது. நடக்கத் தொடங்கிய பிறகும் மாத்திரை நிற்கவில்லை. துவைக்கப் போடும் பேண்ட் பாக்கெட்டில் காலி அட்டைகள் கிடைக்கும். கேட்டால் முதுகு வலி என்பான், நாங்களும் நம்பினோம். போதை என்றால் ஊசியும் புகையும்தான் என்று நினைத்திருந்தோம்.

அப்புறம் உண்மை தெரிந்து மூன்று மாதம் சிகிச்சையில் இருந்தான். முகம் தெளிந்து, சதை பிடித்து வீடு திரும்பினான். கண்டம் தாண்டிவிட்டது என்று அம்மா நிம்மதியானார். அதிக ஆபத்தான நாட்கள் அவைதான் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

தொடர்ந்து சாப்பிடும்போது உடம்பு அந்த அளவுக்குப் பழகிவிடுகிறது. சில வாரங்கள் நிறுத்தினாலே அந்தத் தாங்கும் சக்தி போய்விடும். ஆனால் கைக்குப் பழைய கணக்குதான் ஞாபகம் இருக்கும். ஒரு நாள் இரவு தம்பி பழைய கணக்கிலேயே போட்டுக்கொண்டான். குறட்டைச் சத்தம் கேட்டு, "பாவம், அசந்து தூங்குறான்" என்றார் அம்மா. தண்ணீர் குடிக்க எழுந்த எனக்கு அந்தச் சத்தம் வித்தியாசமாகப் பட்டது. தொண்டையில் நீர் களகளப்பது போல ஒரு இழுப்பு, பிறகு நீண்ட அமைதி, மறுபடி ஒரு இழுப்பு. விளக்கைப் போட்டால் உதடு நீலம் பாரித்திருந்தது. ஓபியாய்டு அதிகமானால் மூச்சை இயக்கும் மூளைப் பகுதியே மந்தமாகிவிடும். மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் இன்னும் மோசம். ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸை அழைத்தோம். நலாக்சோன் என்ற முறிமருந்து கொடுத்த சில நிமிடங்களில் மூச்சு சீரானது. அதன் வேலை விரைவில் தீர்ந்து மூச்சு மறுபடி நிற்கலாம் என்பதால், கண் விழித்தவனை அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

சரி, பரவல். ஐ.நா.வின் 2024 உலக போதைப்பொருள் அறிக்கைப்படி, 2022-ல் உலகம் முழுவதும் 29.2 கோடி பேர் ஏதோ ஒரு போதைப்பொருளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதில் 22.8 கோடி பேர் எடுத்தது கஞ்சா. பழக்கம் நோயாகவே மாறியவர்கள் 6.4 கோடி. அவர்களில் 11 பேரில் ஒருவருக்குத்தான் சிகிச்சை கிடைத்தது. என்னை உறுத்துவது இந்தக் கடைசிக் கணக்குதான். என் தம்பி அந்த ஒருவன். அவனுக்கே நூலிழையில்தான் உயிர் தப்பியது.

உங்கள் வீட்டில் யாராவது சிகிச்சை முடிந்து திரும்பினால் முதல் சில வாரங்கள் தனியாக விடாதீர்கள். நலாக்சோன் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். போதை ஏக்கத்தை அடக்கத் தொடர்ந்து கொடுக்கும் புப்ரனார்ஃபின், மெதடோன் போன்ற மருந்துகளைப் பற்றியும் கேளுங்கள், அவை சாவைக் கணிசமாகக் குறைக்கின்றன. போதை மாத்திரைக்குப் பதில் இன்னொரு மாத்திரையா என்று எங்கள் உறவினர்களும் கேட்டார்கள். ஆமாம், அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் அவன் தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புகிறான்.