பைக் செயின், ஸ்ப்ராக்கெட் (பல்சக்கரம்) கேள்வி பதில்: வாங்குறதுக்கு முன்னாடி அளங்க

கேள்வி (ஸ்ப்ளெண்டர்): அண்ணா, செயினை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருதடவை மாத்தணும்?

பதில்: கிலோமீட்டர் கணக்கை நம்பாதீங்க. முழு கவருக்குள்ள ஓடுற செயினும், மழையிலயும் மண்லயும் திறந்து கிடக்குற செயினும் ஒரே மாதிரி தேயாது. அளந்து பாருங்க. இன்ஜினை ஆஃப் பண்ணி, நியூட்ரல்ல, சென்டர் ஸ்டாண்ட் போட்டு, கவரைக் கழட்டுங்க. சைஸ் செயின் தகட்டுலயே அடிச்சிருக்கும். 428 சைஸ் செயின்ல ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் 12.7 மிமீ. செயினை இழுத்துப் பிடிச்சு 21 பின் எண்ணுங்க. முதல் பின்னோட நடுவுல இருந்து கடைசிப் பின்னோட நடு வரைக்கும் புதுசுல 254 மிமீ இருக்கும். 256.5 தாண்டினா கிட் (செயினும் ரெண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்த செட்) வாங்கி வைங்க. 259 வந்துட்டா அதுல ஓட்டாதீங்க. 520 சைஸ்ல அதே 21 பின்னுக்குப் புதுசுல 317.5, 320.5 தாண்டினா மாத்துற நேரம். மூணு இடத்துல அளந்து, அதிகமா வந்ததைக் கணக்குல எடுங்க. செயின் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி தேயாது.

கேள்வி (பல்சர் 150): ஸ்ப்ராக்கெட் பார்க்க நல்லாத்தான் இருக்கு. செயின் மட்டும் போட்டா போதாதா? பாதிக் காசு மிச்சம்.

பதில்: மிச்சமாகாது. செயின் நீளுதுன்னு சொல்றோமே, அது தகடு இழுபடுறதால இல்ல. உள்ள பின்னும், அதைச் சுத்தி இருக்கிற குழாயான புஷ்ஷும் தேயுறதால. ஒவ்வொரு லிங்க்லயும் கொஞ்சம் இடைவெளி கூடிக்கிட்டே போகும். ரோலர் பல்லோட அடியில உட்காராம மேல ஏறும், பல்லும் அதுக்குத் தக்கபடி ஒருபக்கமா தேயும். அந்தப் பல்லு மேல புதுச் செயினைப் போட்டா ரெண்டும் பொருந்தாது. சுமை எல்லாப் பல்லுக்கும் பரவாம ஒண்ணு ரெண்டு பல்லுல விழும், புதுச் செயினும் சீக்கிரமே தேயும். முன் ஸ்ப்ராக்கெட் கவரைக் கழட்டிப் பார்த்தீங்களா? பின்னாடி இருக்கிறது நல்லாத் தெரியும்; கொக்கி மாதிரி வளைஞ்சு நிக்கிறது முன்னாடி ஒளிஞ்சிருக்கிற சின்னதுதான். செட்டாவே மாத்துங்க.

கேள்வி: எந்த பிராண்ட் நல்லது? பிராஸ் செயின் ரொம்ப நாள் வருமா?

பதில்: ரோலான், டைமண்ட், டி.ஐ.டி மூணுல எதுன்னாலும் சரி, ஒரிஜினலா இருக்கணும். முதல்ல மூணு விஷயம் பொருந்தணும்: பழைய செயின் தகட்டுல அடிச்சிருக்கிற சைஸ், ரெண்டு ஸ்ப்ராக்கெட்டோட பல் எண்ணிக்கை, செயினோட மொத்த லிங்க். பிராஸ்ங்கிறது மேல இருக்கிற நிறம். துருவைக் கொஞ்சம் தள்ளிப் போடும். தேயுறது உள்ள இருக்கிற பின், அதுக்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்ல.

கேள்வி (டியூக் 390): சார், முன்னாடி 15 பல்லுக்குப் பதிலா 14 போட்டா பிக்கப் ஏறும்ங்கிறாங்களே?

பதில்: ஏறும். பின் ஸ்ப்ராக்கெட்டோட 45 பல்லை 15-ஆல வகுத்தா 3.0. 14-ஆல வகுத்தா 3.21. அதாவது 7 சதவீதம். முன்ன 6,000 ஆர்பிஎம்ல போன வேகத்துக்கு இனிமே 6,430 சுத்தணும். ஹைவேல அதிர்வும் பெட்ரோல் செலவும் கூடும். முன்னாடி ஒரு பல் குறைக்கிறதும் பின்னாடி மூணு பல் கூட்டுறதும் ஏறக்குறைய ஒண்ணுதான். ஆனா முன் ஸ்ப்ராக்கெட் சின்னதானா செயின் இன்னும் மடங்கும், ஸ்விங்ஆர்ம் (பின் வீலைத் தாங்குற கை) ரப்பர்லயும் உரசும். இன்னொண்ணு: செயின்ல லிங்க் எண்ணிக்கை எப்பவும் இரட்டைப்படை. 14 பல்லுன்னா ஒரு பல்லுக்குக் கடைசி வரைக்கும் ஒரே வகை லிங்க்தான் வரும், அகலமானதோ குறுகலானதோ. 15-ல மாறி மாறி வரும், தேய்மானம் பரவும்.

இன்னொருவர்: நான் என் வண்டியில ஒரு பல் குறைச்சேன், டாப் ஸ்பீடும் கூடுச்சு. மீட்டர்லயே பார்த்தேன்.

பதில்: உங்க மீட்டர் வேகத்தை எங்கிருந்து எடுக்குதுன்னு பாருங்க. முன் வீல்ல இருந்துன்னா மாறாது. கியர்பாக்ஸ் சென்சார்னா 15-ஐ 14 ஆக்கினதும் உண்மையான 100-ஐ 107-னு காட்டும். ஜிபிஎஸ்ல பார்த்துட்டு வந்து சொல்லுங்க.

மூன்றாமவர்: கடைசி கியர்ல இன்ஜினால ரெட்லைன் (இன்ஜினோட உச்ச ஆர்பிஎம்) வரைக்கும் இழுக்க முடியாத வண்டின்னா நிஜமாவே கூடும்தானே?

பதில்: கூடும், சரியாச் சொன்னீங்க. பவர் உச்சத்துக்குப் போற ஆர்பிஎம்மையே கடைசி கியர்ல எட்டாத வண்டிக்கு ஒரு பல் குறைச்சா லாபம். அது எந்த வண்டின்னு ஜிபிஎஸ்தான் சொல்லணும், கடைக்காரர் இல்ல.

டியூக்காரர்: அப்ப கொல்லிமலை ஏற?

பதில்: அந்த 70 கொண்டை ஊசிக்கு 14 சுகம்தான். மாசத்துக்கு ஒருதடவை மலை, மீதி நாள் பைபாஸ்னா 15-லயே இருங்க.

கேள்வி: செயின் மட்டும் மாத்தலாமா? ஸ்ப்ராக்கெட் 80 சதவீதம் இருக்குன்னு மெக்கானிக் சொல்றார்.

பதில்: மேல ரெண்டாவது பதில்.

கேள்வி: ஓ-ரிங் செயினை (லிங்க் தகடுகளுக்கு நடுவுல ரப்பர் வளையம் வச்சது) பெட்ரோல்ல கழுவலாமா? இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி முதல் கியர்ல சுத்த விட்டா வேலை சீக்கிரம் முடியுதே?

பதில்: இதைக் கேட்காம ஒரு செஷன் முடியாது. சுத்துற செயின்ல துணி மாட்டினா விரலையும் சேர்த்து ஸ்ப்ராக்கெட்டுக்குள்ள இழுத்துடும். இன்ஜின் ஆஃப், நியூட்ரல், கையால வீலைச் சுத்துங்க. பெட்ரோல் ரப்பரைக் கெடுக்கும், கம்பி பிரஷ் ரப்பரைக் கிழிக்கும். மண்ணெண்ணெய், மெத்துனு ஒரு பிரஷ் போதும். துடைச்சுக் காய விட்டு, 90 கியர் ஆயிலோ செயின் ஸ்ப்ரேயோ உள்பக்கமா விடுங்க. வடிச்ச இன்ஜின் ஆயில் வேணாம், அதுல இரும்புப் பொடி இருக்கும்.

கேள்வி: செயின் லாக் (செயினோட ரெண்டு முனையையும் சேர்க்குற கிளிப்) எந்தப் பக்கம் பார்க்கணும்?

பதில்: கிளிப்போட மூடின முனை, செயின் ஓடுற திசையைப் பார்த்து. மேல்பக்கத்துல மாட்டினா அது வண்டியோட முன்பக்கம்.

கேள்வி: புது செட் போட்டதுல இருந்து முன் ஸ்ப்ராக்கெட் பக்கம் ஆயில் கசியுது. செயின் நல்லா டைட்டாத்தான் இருக்கு.

பதில்: அந்த டைட்தான் முதல் சந்தேகம். ஆள் உட்கார்ந்து ஸ்விங்ஆர்ம் மேல ஏறும்போது ரெண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவுல தூரம் கூடும். அப்ப தளர்வு இல்லன்னா இழுப்பு முழுக்க கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் போகும், ஆயில் சீல் தாங்காது. நிறைய கம்யூட்டர் வண்டிக்கு (தினசரி ஓட்டுற சின்ன பைக்) செயின் மேலும் கீழும் 25 முதல் 30 மிமீ ஆடணும். உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு மேனுவல்ல பாருங்க. வீலைச் சுத்தி, செயின் அதிகமா இறுகுற இடத்துல வச்சு அளங்க. சரி பண்ணியும் கசிஞ்சா சீலை மாத்துங்க.

கேள்வி: புல்லட்ல டைமிங் செயின் சத்தம்...

பதில்: அது இன்ஜின் வேலை. இன்ஜின் பிரிக்கிறவர்கிட்ட கேளுங்க.

கேள்வி: அண்ணா, செயின் மட்டும்...

பதில்: 21 பின் அளந்தீங்களா? எத்தனை மிமீ வந்துச்சு?